கண்ட்ரோல் காடு

எங்கள் ஆய்வு ஆவணங்களில் அவருக்குப் பெயர் இல்லை. ‘சி-7’ என்று இருக்கும். ஆய்வில் சேருகிறவர்களின் பெயரை எழுதக்கூடாது என்பது விதி. அது அவர்களைக் காப்பதற்கான விதி என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் இங்கே பெயரைச் சொல்லப்போவதில்லை. அக்கா என்றுதான் கூப்பிட்டேன், அப்படியே எழுதுகிறேன்.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் சாலையில் போய், இடையில் பிரிகிற மண்பாதையில் இறங்கினால் அவர் ஊர். ஒல்லியான, உயரமான உடம்பு. சேலைக்கு மேல் வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. நாற்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் கட்டட வேலை. தைப் பொங்கலுக்கும் ஊர்க் கோயில் பொங்கலுக்கும் வந்து போவார். ஒரே மகள், அப்போது பன்னிரண்டாம் வகுப்பு.

யார் பேசினாலும் அவர் பேசுகிறவரின் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். முதல் நாள் காது மந்தமோ என்று நினைத்து நான் சத்தம் போட்டுப் பேசினேன்.

“மெதுவாவே பேசு தாயி. எனக்குக் காது நல்லாக் கேக்கும்” என்றார். “வாய்லருந்து என்ன வருதுன்னு பாத்துக்கிருவேன். அவ்வளவுதான்.”

வாயிலிருந்து வந்ததை அவர் என்ன செய்வார் என்பதை ஊரே கதையாகச் சொல்லும். ஊருக்குள் வருகிற டவுன் பஸ் ஒன்றுதான். பெண்களுக்கு அதில் இலவசம். ஒருநாள் கொத்தமல்லிச் செடி மூட்டையோடு அவர் ஏறியபோது கண்டக்டர், “ஓசி பஸ்ஸுல லோடு வேறயா” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். “இனி இந்தப் பஸ்ஸுல ஏறமாட்டேன்” என்று சொல்லி மூட்டையோடு இறங்கினார். அன்றிலிருந்து மெயின் ரோடு வரை நடந்துபோய்க் காசு கொடுத்துத் தனியார் பஸ்ஸில்தான் போகிறார். அந்தக் கண்டக்டர் மாற்றலாகிப் போய், புதிதாக வந்த பையன் “அத்தை, ஏறுங்க, நான் அவரு இல்ல” என்று கூப்பிட்டும் பார்த்திருக்கிறான். அதற்கு அவர் சொன்ன பதில்: “நான் கண்டக்டர்கிட்டயாப்பா சொன்னேன்? பஸ்ஸுகிட்டல்ல சொன்னேன்.”

மகள் சொன்ன கதை இன்னொன்று. அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அடிக்கடி லீவு போடுகிறாள் என்று தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கண்டித்தார். “இனி ஒருநாள் தவறாது சார்” என்று சொல்லிவிட்டு வந்தார் அக்கா. மறுநாளே அடைமழை. கலெக்டர் விடுமுறை விட்டதை டிவியில் அம்மாவும் மகளும் சேர்ந்துதான் பார்த்தார்கள். ஆனாலும் மகளுக்குச் சீருடை மாட்டி, உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டு, கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கேட்டின் முன்னால் நிறுத்திவிட்டார். மணி அடிக்கிற நேரம் தாண்டும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்களாம்.

“லீவுன்னு தெரியுமேம்மான்னு கேட்டேன் மேடம். ‘லீவுன்னு அவுக சொல்லிட்டாக. நீ வருவேன்னு நான் சொல்லியிருக்கேன்ல’ன்னு சொல்லுது” என்று மகள் சிரித்தாள். அக்காவும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்ததோடு, ஆய்வுக்கு இப்படி ஒரு ஆள்தான் வேண்டும் என்றும் அன்றே மனதில் குறித்துக்கொண்டேன்.

ஆய்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் வருடத்துக்குப் பெய்கிற மொத்த மழையை விட, அது பெய்கிற விதம்தான் மாறிக்கொண்டு வருகிறது என்று விஞ்ஞானிகள் சில காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை என்று பரவிப் பெய்தது, இப்போது இரண்டு மூன்று நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடுகிறது. கடல் சூடாகிறது, சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கிறது, இறக்கும்போது மொத்தமாக இறக்கிவிடுகிறது. பிறகு நீண்ட வெயில். மானாவாரிப் பயிர் அந்த வெயிலில்தான் சாகிறது. கொட்டுகிற நாளில் பண்ணைக்குட்டையில் தண்ணீரைப் பிடித்து வைத்து, பயிர் பூக்கிற சமயத்தில் ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர் காட்டினால் பிழைக்குமா? இதுதான் கேள்வி. நல்ல கேள்விதான். இப்போதும் அதை நான் குறை சொல்லவில்லை.

நான் தாவரவியல் முதுகலை முடித்துவிட்டு அருப்புக்கோட்டையில் வீட்டில் இருந்தேன். ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் திட்டத்தில் களப்பணியாளர் வேலை கிடைத்தது. ஒப்பந்த வேலை, வருடா வருடம் புதுப்பிப்பார்கள். பத்து ஊர்களில் பத்து ஜோடி மக்காச்சோளக் காடுகள். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள். ஜோடியில் ஒருவருக்குக் குட்டை வெட்டித் தருவோம். பக்கத்துக் காட்டுக்காரருக்கு எதுவும் கிடையாது. எதுவும் செய்யாத நிலம் ஒன்று பக்கத்தில் இருந்தால்தானே செய்ததன் பலன் தெரியும். அந்த நிலத்துக்கு ஆய்வு மொழியில் கண்ட்ரோல் என்று பேர். ஊர்க்காரர்கள் அதைக் கண்ட்ரோல் காடு ஆக்கிவிட்டார்கள்.

யாருக்குக் குட்டை, யாருக்குக் கண்ட்ரோல் என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பஞ்சாயத்து ஆபீஸில் எவர்சில்வர் டம்ளரில் இரண்டு சீட்டுப் போட்டுக் குலுக்கினேன். ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் அவருடைய கொழுந்தன். இரண்டு பேர் காட்டுக்கும் நடுவில் ஒரு வரப்புதான். குட்டை கொழுந்தனுக்கு விழுந்தது.

“நான் என்ன செய்யணும் தாயி?” என்று கேட்டார் அக்கா.

“எப்பவும் செய்யிறதையே செய்யுங்கக்கா. வானத்துத் தண்ணியைத் தவிர வேற தண்ணி மட்டும் விடக்கூடாது. ஆய்வு முடிஞ்சதும் உங்களுக்கும் குட்டை வெட்டித் தந்துருவாங்க.”

“சரி. விடமாட்டேன்.”

பிறகு ஒப்புதல் படிவம். இரண்டு பக்கம். அவருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், ஆனாலும் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது முறை. கடைசிப் பத்தியில் இப்படி இருக்கும்: ‘இந்த ஆய்விலிருந்து எந்த நேரத்திலும், காரணம் எதுவும் கூறாமல், நீங்கள் விலகிக்கொள்ளலாம். அதனால் உங்களுக்கு எந்தப் பாதிப்பும் வராது.’ அந்தப் பத்தியை நான் வாசிக்கவில்லை. முந்தின ஊரில் அதை வாசித்ததும் இரண்டு பேர், “அப்ப இப்பவே விலகிக்கிறோம்” என்று எழுந்து போய்விட்டார்கள். ஆள் பிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. அதனால் இந்த ஊரில் முதல் பக்கத்தை நிதானமாக வாசித்துவிட்டு, இரண்டாம் பக்கத்தில் பாதியோடு, “அவ்வளவுதான்க்கா, இங்க கையெழுத்து” என்றேன். அவர் அதை வாங்கித் திரும்ப வாசிக்கவில்லை. ஒருத்தர் வாய்விட்டு வாசித்துக் காட்டிய பிறகு தானும் எடுத்து வாசிப்பது அவரைச் சந்தேகப்படுவது ஆகும் என்று நினைக்கிற ஆள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஒரு பிரதியை மடித்து ரேஷன் கார்டு இருக்கிற மஞ்சப்பையில் வைத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் ஒரு மழைமானியும் ஒரு நோட்டும் கொடுத்திருந்தோம். தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து எழுத வேண்டும். மற்றவர்கள் நான் வருகிற அன்று காலையில் உட்கார்ந்து ஒரு வாரத்தையும் சேர்த்து எழுதுவார்கள். ஒரே பேனா, ஒரே சாய்வு, பார்த்ததும் தெரியும். மழை இல்லாத நாளில் மழை பெய்திருக்கும். அக்காவின் நோட்டில் இரண்டு நாள் எண்ணுக்குப் பதிலாக, ‘அண்ணன் இறப்பு. காரியாபட்டி போனேன். பார்க்கவில்லை’ என்று இருந்தது. எங்கள் திட்டத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, “இந்த அம்மா மாதிரி பத்துப் பேர் கிடைச்சாப் போதும்” என்றார்.

அந்த வருடம் ஐப்பசியில், விதைத்துக் கொஞ்ச நாளில், மூன்று நாள் விடாமல் கொட்டியது. ஓடைகள் எல்லாம் தூர்ந்து கிடந்ததால் கண்மாய்க்குப் போக வழி தெரியாமல் தண்ணீர் ரோட்டில் ஓடியது. கொழுந்தனின் குட்டை விளிம்புவரை நிறைந்தது. நாலாம் நாள் வானம் வெளுத்தது. அதற்குப் பிறகு கார்த்திகை முழுக்க ஒரு தூறல் இல்லை. பனி இறங்க வேண்டிய மார்கழியில் புழுங்கியது. கரிசல் வாய் பிளந்தது. நாங்கள் எதைப் பற்றி ஆய்வு செய்ய வந்தோமோ அது எங்கள் கண் முன்னாலேயே நடந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு பரபரப்பு. எனக்கும்தான், அதை மறைக்க மாட்டேன். ஆய்வு தொடங்கின வருடமே இப்படி ஒரு வறட்சி அமைவது அதிர்ஷ்டம் என்று பேசிக்கொண்டோம்.

ஆனால் கண்ட்ரோல் காடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. யார்தான் பயிர் சாவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? ஒருவர் டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கி விட்டார். ஒருவர் பக்கத்துக் குட்டையிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றினார். கேட்டால் இல்லை என்றார்கள். மண்ணைத் தொட்டால் ஈரம். சிலர் நேராகவே, “நாங்க வெலகிக்கிறோம்மா” என்றார்கள். அவர்களுக்கெல்லாம் நான் அந்தக் கடைசிப் பத்தியை வாசித்திருந்தேன், அல்லது அவர்கள் வீட்டில் யாராவது வாசித்திருந்தார்கள்.

திட்டத் தலைவர் போனில் கூப்பிட்டார். “மத்த கண்ட்ரோல் எல்லாம் சந்தேகம்தான். சி-7 ஒண்ணுதான் சுத்தமா இருக்கு. அதை விட்டுறாதீங்க. அது இருந்தாத்தான் கட்டுரை” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. என் ஒப்பந்தம் பங்குனியில் முடிகிறது.

மறுநாள் முற்பகலில் அக்காவின் காட்டுக்குப் போனேன். சோளம் இடுப்புக்குமேல் நின்றது. இலைகள் சுருண்டு ஊசியாக நின்றன. வரப்புக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் டீசல் எஞ்சினை ஓடவிட்டு, ஹோஸ் பிடித்து இரண்டாம் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அங்கே இலைகள் விரிந்து கிடந்தன. அக்கா வரப்பில் நின்றிருந்தார். ஹோஸ் அவர் கால்மாட்டில்தான் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் கொழுந்தன் எஞ்சினை நிறுத்தினார். “மதினி, நான் சொல்றதைக் கேளுங்க. ஹோஸை அந்தப் பக்கம் தூக்கிப் போடுறேன். குட்டையில தண்ணி கெடக்கு. எனக்குப் போதும். இந்த மேடத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

அக்கா என் பக்கம் திரும்பினார்.

“தாயி, விடலாமா?”

ஒரு வார்த்தை போதும். ‘விலகிக்கங்கக்கா’ என்றால் முடிந்தது. படிவத்திலேயே இருக்கிறது, அவர் வீட்டு மஞ்சப்பையிலேயே இருக்கிறது. நான் சொன்னது இது:

“உங்க இஷ்டம்க்கா. ஆனா நீங்க வார்த்தை குடுத்திருக்கீங்க.”

யாரிடம் எதைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது தெரிந்தேதான் சொன்னேன். பஸ் கதை, பள்ளிக்கூடக் கதை எல்லாம் கேட்டுச் சிரித்தவள் நான்.

அவர் கொஞ்ச நேரம் என் வாயைப் பார்த்தார். பிறகு குனிந்து ஹோஸை எடுத்துக் கொழுந்தன் காட்டுப் பக்கம் வைத்தார்.

“நீங்க விடுங்க தம்பி. நான் சொல்லிட்டேன். துப்புன எச்சியைத் திரும்ப வாய்ல போட முடியுமா?”

“என்ன மதினி நீங்க. பயிரு சாகுது” என்றார் கொழுந்தன். சத்தமாகச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டார்.

அதற்குப் பிறகு நான் வாரம் இரண்டு முறை போய்க் குறிப்பெடுத்தேன். மக்காச்சோளத்தில் ஆண்பூ உச்சியில் வரும், பெண்கதிரில் பட்டுநூல் மாதிரி வரும். மகரந்தம் கொட்டுகிற நாட்களில் நூல் வெளியே வந்திருந்தால்தான் மணி பிடிக்கும். வறட்சியில் நூல் பிந்தும். அக்கா காட்டில் பூத்தூள் எல்லாம் கொட்டிக் காற்றில் போன பிறகுதான் நூல் எட்டிப் பார்த்தது. வகுப்பில் படித்ததை நேரில் பார்க்கிறேன் என்று படம் எடுத்தேன். அவர் பக்கத்தில் நின்று, “இதை எதுக்குத் தாயி எடுக்கிற?” என்றார். “பாடத்துல வரும்க்கா, அப்படியே இருக்கு” என்றேன். “பாடத்துலயே வந்துருச்சா” என்று மட்டும் சொன்னார்.

தையில் இரண்டு காட்டிலும் ஒரே அளவில் சதுரம் அளந்து, அதற்குள் நின்றதை அறுத்து எடை போட்டோம். கொழுந்தன் காட்டுக் கதிர்கள் சாக்கு நிறைந்தன. அக்கா காட்டில் உரித்த கதிர் ஒவ்வொன்றிலும் பொக்கை வாயில் பல் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும் மணி. சாக்கின் வாயை அவர்தான் விரித்துப் பிடித்தார். எடை பார்த்து நான் எழுதி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றார். “எழுதிட்டியா?” என்று கேட்டுவிட்டுக் கையை விட்டார். மிச்சம் நின்ற தட்டையை ஆட்டுக்காரர்கள் மேய்த்துக்கொள்ள விட்டுவிட்டார்.

அவர் இன்னொருவருக்கும் வார்த்தை கொடுத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கொழுந்தன் சொன்னார். மகள் நர்சிங் படிக்க ஆசைப்பட்டிருக்கிறாள். “இந்த வெள்ளாமை எடுத்ததும் உன்னையச் சேத்துவிடுறேன்” என்று அக்கா சொல்லியிருந்தார். அந்தக் கோடையில் மகள் நர்சிங் சேரவில்லை. விருதுநகர் பக்கம் ஒரு நூல் மில்லில், விடுதியில் தங்கி வேலை பார்க்கப் போனாள்.

அதைக் கேட்டபின் ஒருமுறை பயந்துகொண்டேதான் அவரிடம் பேச்சை எடுத்தேன். முறத்தில் உளுந்தைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“பிள்ளைகிட்ட மாத்திச் சொன்னது அதான் மொதத் தடவை” என்றார். “பெத்த பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறலாம். வெளியாளு நம்பி வந்து எழுதிட்டுப் போறாக. அவுககிட்ட எப்படிக் கேக்குறது?”

“அவ என்னக்கா சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. பொட்டியக் கட்டிக்கிட்டுப் போயிட்டா.”

வைகாசியில், “குட்டை எப்பத் தாயி வெட்டுவாக?” என்று கேட்டார். ஒரே தடவைதான் கேட்டார். அதற்குள் திட்டத்துக்கு வந்த நிதி முடிந்துபோயிருந்தது; கட்டுரை வேலைக்காக என் ஒப்பந்தத்தை மட்டும் நீட்டியிருந்தார்கள். அடுத்த கட்டத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்றேன். “சொன்னாகளே” என்றார். “சொன்னாங்கதான்க்கா” என்றேன். அந்தக் குட்டை இன்றுவரை வெட்டப்படவில்லை.

கட்டுரை வெளிவந்தது. நல்ல இதழ். அதில் ஒரு படம்: இரண்டு கோடுகள், ஒன்று மேலே போகும், ஒன்று கீழே விழும். கீழே விழுகிற கோட்டில் பெரும்பகுதி அக்காவின் காடுதான். பண்ணைக்குட்டையின் பலனை இவ்வளவு தெளிவாகக் காட்டிய கள ஆய்வு எங்கள் வட்டாரத்தில் இல்லை என்றார்கள். பல ஊர்களில் குட்டை வெட்ட அதை ஆதாரமாகக் காட்டினார்கள். வெட்டியும் இருக்கிறார்கள், பயிரும் பிழைத்திருக்கிறது. இதெல்லாம் உண்மை. கட்டுரையின் கடைசியில், பங்கேற்ற விவசாயிகளுக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர்கள் வரிசையில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது. அதை வைத்து எனக்கு முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்தது.

ஆய்வு முடிவை விவசாயிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் ஒரு விதி. தமிழில் நான்கு பக்கம் அச்சடித்து ஊர் ஊராகக் கொடுத்துவிட்டு வந்தேன். அக்கா வீட்டுக்குப் போன அன்று மகள் மில்லிலிருந்து லீவில் வந்திருந்தாள். ஆள் மெலிந்திருந்தாள். தாளை வாங்கி அம்மாவுக்குச் சத்தமாக வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் நின்றாள்.

“‘ஒப்பீட்டு விவசாயிகளில் சிலர் இடையில் ஆய்விலிருந்து விலகினர்.’ வெலகலாமா மேடம்?”

நான் கையில் மிச்சமிருந்த தாள்களை அடுக்கினேன். அவள் உள்ளே போய் மஞ்சப்பையை எடுத்து வந்தாள். படிவத்தைப் பிரித்து, இரண்டாம் பக்கத்தை விரலால் ஓட்டி, கடைசிப் பத்தியைக் கண்டுபிடித்தாள். எந்த நேரத்திலும், காரணம் எதுவும் கூறாமல். நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

அக்கா என் வாயைப் பார்த்தார்.

“தாயி, இதை நீ அன்னைக்கு வாசிச்சியா?”

“வாசிச்சேன்க்கா” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. கேட்ட வேகத்திலேயே வந்துவிட்டது. அதனால் அது சின்னப் பொய் ஆகிவிடாது என்று எனக்குத் தெரியும்.

அவர் என் வாயிலிருந்து பார்வையை எடுத்தார். பிறகு மகளிடம், “அவுக வாசிச்சிருக்காக. நாந்தான் கேக்கல போல” என்றார்.

“நீயா?” என்றாள் மகள். “நீ கேக்கலையா?”

“விடு ஆத்தா. மடிச்சு வையி.”

அண்ணன் இறந்த அன்று மழை பார்க்கவில்லை என்று எழுதி வைத்தவர், பஸ்ஸுக்குச் சொன்ன வார்த்தையை வருடக்கணக்காகக் காலால் நடந்து காப்பாற்றியவர், நான் வாசித்த ஒரு வரியைக் கேட்காமல் விட்டிருப்பாரா? மகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்திருக்கிறவளை, மகள் முன்னால், பொய் சொல்கிறாய் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பழியைத் தன் காது மேல் போட்டுக்கொண்டார். மகள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனவள் நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. நான் போய்வருகிறேன் என்று சொன்னபோது அக்கா தலையை மட்டும் அசைத்தார். அன்றோடு அவர் என்னைத் தாயி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

ஒரு வருடம் கழித்துத் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கையில் ஒரு பை, மகளைப் பார்க்க விருதுநகர் போகிறார். நான் வேறொரு ஆய்வுக்காகத் தாலுகா ஆபீஸ் வந்திருந்தேன். ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். சாப்பிட்டீங்களா, மழை உண்டா என்று எதை எதையோ கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அப்புறம் சொல்லிவிட்டேன்.

“அக்கா, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். அந்தப் பத்தியை உங்களுக்கு நான் வாசிக்கவே இல்ல.”

“தெரியும்.”

“வரப்புல நின்னு கேட்டப்பவாவது சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்கக்கா.”

அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்தார். “எனக்குத் தெரிஞ்சதையே என்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? தெரியாதவுககிட்டச் சொல்லு.”

“யாருகிட்டக்கா?”

“அதான், புஸ்தகத்துல போட்டிருக்கீகள்ல. அதை வாசிக்கிறவுக என்ன நெனப்பாக? இந்தப் பொம்பளை எல்லாம் தெரிஞ்சு, சரின்னு சொல்லித்தான் பயிரைக் காயவிட்டிருக்கான்னு நெனப்பாகல்ல. அவுககிட்டச் சொல்லு. என் மககிட்டச் சொல்லு.”

“சொல்றேன்க்கா.”

“சொல்றேன்னு சொல்லாத” என்றார். குரல் ஏறவில்லை. “சொல்லிட்டு வந்து, சொல்லிட்டேன்னு சொல்லு.”

பஸ் வந்தது. ஏறி, இந்தப் பக்கம் சன்னல் காலியாக இருந்தும் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

மகளின் மில் எங்கே இருக்கிறது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். போகவில்லை. இதழுக்கு எழுத வேண்டிய கடிதத்தை ஒருமுறை எழுதித் திட்டத் தலைவரிடம் காட்டினேன். அவர் முழுக்கப் படித்தார். கெட்ட மனிதர் இல்லை. “உங்க மனசாட்சி புரியுது. ஆனா இதை அனுப்பினா கட்டுரையை வாபஸ் வாங்கச் சொல்லுவாங்க. அதை நம்பி வெட்டுற குட்டையெல்லாம் நிக்கும். எத்தனை பேர் பயிரு போகும், யோசிங்க” என்றார். யோசித்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமும் அந்தக் காடுதான் என்பதையும் சேர்த்தேதான் யோசித்தேன். கடிதம் அனுப்பப்படவில்லை.

சென்ற மாதம் மதுரையில் ஒரு கருத்தரங்கு. பருவநிலை மாற்றமும் மானாவாரி வேளாண்மையும் பற்றி. அந்த இரண்டு கோடுகளைத் திரையில் காட்டிப் பேசினேன். முடிவில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, கண்ட்ரோல் விவசாயிகள் யாருக்கும் தெரியாமல் தண்ணீர் விட்டுவிடுவதுதான் இந்த மாதிரி ஆய்வுகளில் எப்போதும் உள்ள சிக்கல், உங்கள் நிலத்தில் அது நடக்கவில்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

“அவர் சொன்ன வார்த்தை மாறாதவர் சார்” என்றேன்.

அரங்கில் லேசாகச் சிரித்தார்கள். பேராசிரியரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அடுத்த கேள்வி வேறு எதைப் பற்றியோ. நான் பதில் சொன்னேன்.